அசைக்காத கை

அறுபதுகளில் திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் டொக்டராக இருந்தேன். மணிக்கட்டுத் தொங்கி வருகிறவர்களிடம் முதலில் ஒரே கேள்விதான் கேட்பேன். சம்பளத்தன்று குடித்துவிட்டு, கதிரையில் உட்கார்ந்து அதன் முதுகில் கையைப் போட்டபடி தூங்கிப்போன தொழிலாளிகள் அவ்வப்போது வருவார்கள். மேற்கை நரம்பு எலும்போடு நசுங்கி, விடியும்போது கையை நிமிர்த்த முடியாமல் போயிருக்கும்.

மூதூரிலிருந்து வந்த தையற்காரரையும் அந்த ரகத்தில்தான் சேர்த்தேன். அவருடைய வலது கை மணிக்கட்டிலிருந்து துவண்டு தொங்கியது. கத்தரிக்கோல் பிடிக்க ஏலாமல் இருக்கிறார் என்று கூட வந்த மச்சான் சொன்னார்.

"குடிச்சுப்போட்டுப் படுத்தனீங்களோ?"

வரிசையில் நின்ற எல்லோருக்கும் கேட்டது. தொழுகைத் தொப்பியோடு வந்த மனிதர் அவர்.

"வாழ்க்கையில தொட்டதில்ல, டொக்டர்."

நான் நம்பவில்லை. எனக்கு அப்போது திமிர் அதிகம். ஆனாலும் வேறு காரணங்களைத் தேடினேன். பெயின்ற் அடிக்கிறவர்களுக்கு ஈய நஞ்சால் இப்படி வரும். இவர் பெயின்ற் தொட்டதேயில்லை. தொழுநோயென்றால் நரம்பு தடித்திருக்கும். தடவிப் பார்த்தேன், தடிப்பில்லை. விழவுமில்லை, ஊசி போடவுமில்லை.

"பிறகென்ன, சும்மாவே வந்தது?" என்று எரிந்து விழுந்தேன்.

மச்சான்தான் வாயைத் திறந்தார். "இவர்ட மகள் போன கிழமை மௌத்தாப் போயிட்டா, டொக்டர்."

காய்ச்சலில் கிடந்த ஏழு வயதுப் பிள்ளையை எங்களிடம் காட்டத்தான் லோஞ்சில் ஏற்றியிருக்கிறார்கள். நடுக்கடலில் எஞ்சின் நின்றுவிட்டது. தகப்பன் இருக்கைப் பலகையின் விளிம்பில் கையை நீட்டி, பிள்ளையின் தலையை அதில் சாய்த்து, காலையிலிருந்து மத்தியானம் வரை அப்படியே இருந்திருக்கிறார்.

"கை மரத்துத்தான் போச்சு. எடுத்தா முழிச்சிருவா எண்டு அசைக்கல்ல," என்றார் தையற்காரர். "கரையில ஆக்கள் வந்து தூக்கக்குள்ளதான் புள்ளட உசிர் போயிட்டது தெரிஞ்சிச்சு."

நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை, அது இன்றைக்கும் மனதை அரிக்கிறது. வெட்கத்தை மறைக்க வைத்தியம் பேசினேன். நரம்பு அறுபடவில்லை, நசுங்கித்தான் இருக்கிறது, மூன்று மாதத்தில் கை பழையபடி வந்துவிடும் என்று சொல்லிக்கொண்டே மணிக்கட்டுக்குச் சிம்பு வைத்துக் கட்டினேன்.

"புள்ளட தல இருந்ததாலயா டொக்டர் இப்பிடி?"

"ஓம்."

அவர் அந்தக் கையை மற்றக் கையால் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"அப்ப மெல்லச் சுகமானாப் போதும்," என்றார்.