படுத்திருந்த குதிரையை எழுப்பியவன்

போன வாரம் பேத்தி மீரா ஒரு காணொளி அனுப்பினாள். ஈப்போவுக்கு வெளியே ஓரிடத்தில் குதிரையேற்றம் பழகுகிறாள். பழுப்புக் குதிரை ஒன்று மரத்தூள் மேல் பக்கவாட்டில் நீட்டிப் படுத்திருந்தது. முன்னங்கால் உதறிக்கொண்டது, உதடு துடித்தது. மூச்சு வேகமாக வந்து, சற்று நின்று, ஒரு முனகலோடு மறுபடி வந்தது. "தாத்தா, இது சாகப் போவுதா? எழுப்பட்டுமா?" என்று குரல்பதிவில் கேட்டிருந்தாள்.

"எழுப்பிடாதம்மா. தூங்குது, விட்டுடு" என்று உடனே பதில் அனுப்பினேன்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்க கிராணி வேலைதானே பாத்தீங்க?"

நியாயமான கேள்வி. அவளுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன்.

மரத்தூளைப் பார்த்ததும் எனக்குக் கோப்பெங் பக்கத்து ரப்பர் தோட்டத்தின் பழைய லாரிக் கொட்டகைதான் மூக்கில் ஏறியது. புது மரத்தூள், குதிரை மூத்திரம், பக்கத்துப் புகைவீட்டிலிருந்து வரும் ரப்பர் ஷீட்டின் புகை, மூன்றும் கலந்த ஒரு மணம். அங்கே நான் கிராணியாக, அதாவது கணக்கெழுதும் குமாஸ்தாவாக, சேர்ந்தபோது எனக்கு இருபத்து மூன்று வயது. ஈப்போவில் ஆங்கிலப் பள்ளியில் படித்தவன் என்ற நினைப்பு, படித்ததைவிடக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. வெள்ளைக்காரர் போனபின் வந்த தோட்ட மேலாளரான துரை நம்மவர். தம் மகள் ஓட்டிப் பழக, ஈப்போ பந்தயத் திடலில் ஓடி ஓய்ந்த குதிரை ஒன்றை வாங்கினார். அதைப் பார்த்துக்கொள்ள அங்கிருந்தே அந்தோணியையும் அழைத்துவந்தார். அந்தோணிக்கு ஏறத்தாழ என் வயது. குதிரைக்கு நீளமான ஆங்கிலப் பெயர் ஒன்று இருந்தது. அவன் அதைத் தம்பி என்றே கூப்பிட்டான்.

தம்பி வந்த புதிதில் படுக்கவே இல்லை. நின்றபடியே கண் சொக்கும்.

"புது எடம் லா, கிராணியாரே. இன்னும் நம்பிக்கை வரல. நின்னுக்கிட்டே தூங்குவான், ஆனா கொஞ்ச நேரமாவது படுத்துத் தூங்கணும்" என்றான் அந்தோணி.

நான் கவனித்துக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

ஒருநாள் மதியம் அந்தோணி சாப்பிடப் போயிருந்தான். கொட்டகையைக் கடந்தபோது உள்ளே முனகல் கேட்டது. எட்டிப் பார்த்தால், மீராவின் காணொளியில் கண்ட அதே கோலம். இங்கே என் வளர்ப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டுக்குப் பின்னால் அம்மா மூன்று மாடுகள் வைத்திருந்தார். மாடு காலை நீட்டிப் பக்கவாட்டில் சாய்ந்து முனகினால் வயிறு உப்புசம், உடனே எழுப்பி நிறுத்தாவிட்டால் மூச்சு முட்டிச் செத்துப்போகும் என்பது எங்களுக்கு அன்றாடச் சோறு மாதிரிப் பழகிப்போன விஷயம். ஒரு மாடு அப்படிச் செத்ததை நானே பார்த்திருக்கிறேன். குதிரை என்றால் கொம்பில்லாத மாடு என்றுதான் என் அறிவு வேலை செய்தது. கத்தினேன். வாளித் தண்ணீரை முகத்தில் அடித்தேன். கழுத்து வாரைப் பிடித்து இழுத்தேன். தம்பி மிரண்டு துள்ளி எழுந்து தகரச் சுவரில் மோதினான். தோளில் ஒரு சாண் நீளத்துக்குத் தோல் கிழிந்தது.

அந்தோணி எச்சில் கையோடு ஓடிவந்தான். "அலாமாக்! என்னாச்சு?"

"அதுவா எழுந்து முட்டிக்கிச்சு" என்றேன்.

எந்த யோசனையும் இல்லாமல் வாயில் வந்த பொய். மறுநாள் காலைப் பெரட்டில், பேர் பதிய ஆட்கள் எல்லோரும் வரிசையில் நிற்க, துரை அந்தோணியைக் கூப்பிட்டு நிறுத்தினார்.

"ஒரு குதிரைய ஒழுங்கா பாத்துக்க முடியல, நீ எதுக்கு லா இருக்க? தனியா விட்டுட்டுப் போவியா? இன்னொரு காயம் பாத்தேன், நீயும் குதிரையும் வெளிய!"

பேர் பதியும் புத்தகத்தோடு நான் நாலடி தள்ளி நின்றேன். குனிந்து அடுத்த பேரைப் பதிந்தேன்.

அதன்பின் தம்பி படுக்கவே மறுத்தான். பத்து நாளுக்குமேல் ஆயிற்று. நின்றபடி ஆழ்ந்து போய், திடீரென்று முன்னங்கால் மடங்கி விழப்போவான், திடுக்கிட்டு நிமிர்வான். கணுக்காலில் தோல் உரிய ஆரம்பித்தது. துரை கண்ணில் படாமல் அந்தோணி அதில் துணி சுற்றினான். துணியைச் சுற்றும் அவன் கையைப் பார்த்தபோதுதான் தாங்காமல் சொல்லிவிட்டேன். தண்ணீர் ஊற்றியது, இழுத்தது, பொய் சொன்னது, எல்லாம்.

அடிப்பான் என்று எதிர்பார்த்தேன். துணியைச் சுற்றி முடித்து முடிச்சுப் போட்டான்.

"படிச்சவங்கன்னு நெனச்சேன்" என்றான். பிறகு, "எழுப்புனது நீங்க. தூங்க வைக்கவும் நீங்கதான் வரணும். நாளையிலேருந்து சோத்த இங்க வந்து சாப்பிடுங்க."

அப்படித்தான் மதியந்தோறும் கவிழ்த்த வாளி மேல் உட்கார்ந்து சாப்பிட்டேன். முதல் நாள் தம்பி என்னைப் பார்த்துக் காதைப் பின்னால் மடக்கினான். பத்திரிகையை விரித்தால் அந்தோணி அதட்டுவான். "மடக்கி வைங்க லா. அவனுக்கு அரசியல் பிடிக்காது." இப்போது நினைத்தாலும் என் வாழ்க்கையில் அவ்வளவு நிம்மதியான மதிய வேளைகள் குறைவு. நல்ல ஊறுகாய் கொண்டுவருவான் அந்தோணி.

ஐந்தாம் நாள் தம்பி இரண்டு சுற்றுச் சுற்றி, முழங்காலை மடக்கி, பெருமூச்சோடு படுத்தான். கொஞ்ச நேரத்தில் முழுதாகச் சாய்ந்தான். கால் உதறியது. மூச்சு நின்றது. என் மூச்சும் நின்றது. எழப் போனேன், அந்தோணி என் தோளைப் பிடித்து அழுத்தினான்.

"கனவு. ஓடுறான்" என்று கிசுகிசுத்தான்.

"ஜெயிக்கிறானா?"

"எங்க! கனவுலயும் கடைசிதான்."

சிரிப்பை அடக்க முடியாமல் இருவரும் வாயைப் பொத்திக்கொண்டோம். தம்பியின் மூச்சு திரும்ப வந்தது. அரைமணி நேரம், ஒவ்வொரு மூச்சாகக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

கணுக்கால் ஆறியது. அந்தோணியின் வேலையும் தப்பியது. ஆனால் துரையிடம் நான் சொல்லவில்லை. நாளை பெரட்டில் எல்லோர் முன்னும் சொல்லிவிடலாம் என்று நினைத்து நினைத்தே இரண்டு வருடம் போய்விட்டது. துரையின் மகள் வெளிநாட்டுக்குப் படிக்கப் போனாள். தம்பியைத் தைப்பிங்கில் தெரிந்தவருக்குக் கொடுத்துவிட்டார்கள். அந்தோணி பந்தயத் திடலுக்கே திரும்ப நினைத்தான். அதற்கு ஒரு நற்சான்றுக் கடிதம் வேண்டும். துரை ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொண்டேன். நடுவில் ஒரு வரி: ஒருமுறை கவனக்குறைவாகக் குதிரையைத் தனியே விட்டதால் காயம் ஏற்பட்டது.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். துரை எதிரிலேயே இருந்தார். அறையில் வேறு யாரும் இல்லை. நான் செய்தது, தட்டச்சில் அந்த வரியை விட்டுவிட்டு, மற்றக் காகிதங்களுக்கு நடுவே செருகிக் கையெழுத்து வாங்கியதுதான்.

அந்தோணிக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. தமிழில் சொல்லிக் காட்டினேன்.

"அந்தக் காயத்தப் பத்தி ஒன்னும் இல்லையா?"

"இல்லை."

"தொர மறந்துட்டாரா, கிராணியார் மறந்துட்டாரா?"

அவன் சிரித்துக்கொண்டே கடிதத்தைச் சட்டைப்பைக்குள் வைத்தான். வேலை கிடைத்தது. ஓய்வு பெறும்வரை குதிரைகளோடே இருந்தான். ஈப்போவில் பார்க்கும் போதெல்லாம் கோப்பிக்கடைக்கு இழுத்துப் போவான். பழையதைக் கிளறியதே இல்லை.

அவன் இறந்து சில வருடங்கள் ஆகின்றன. துரை அதற்கும் முன்பே போய்விட்டார். ரப்பரை வெட்டிச் செம்பனை வைத்தார்கள், செம்பனையை வெட்டி வீடுகள் கட்டினார்கள். பெரட்டு நின்ற இடத்தில் இப்போது ஒரு சாலை வளைவு. அன்று வரிசையில் நின்றவர்களில் கோலக்கிள்ளானில் மகனோடு இருந்த கிழவர் ஒருவர்தான் எனக்குத் தெரிந்து மிச்சம். போன வருடம் தேடிப்போய், அன்று அந்தோணி மேல் தப்பில்லை, நான்தான் காரணம் என்று சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"எந்த அந்தோணி?" என்றார்.