வாய்க்கு எட்டுகிற கை

எனக்கு ஒழுங்காக எழுத வராது. அஞ்சாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எது முன்னே நடந்தது, எது பின்னே நடந்தது என்பதும் இப்போது மறந்து மறந்து போகிறது. வலது கை ஏன் இப்படி மடங்கியே இருக்கிறது என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் எழுதுகிறேன்.

சுதந்திரம் வந்து ஏழெட்டு வருசம் இருக்கும். கீரனூருக்கும் ஆவூருக்கும் நடுவில் எங்கள் ஊர். கல்யாணமாகி வந்து, ஒரு பெண்பிள்ளை பிறந்து அது பால்குடி மறந்திருந்த சமயம். கண்மாயில் துணி அலசிவிட்டுக் கரை ஏறும்போது பாசியில் கால் வழுக்கியது. அலசின துணி மண்ணில் விழக்கூடாதே என்று இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். வலது கையை ஊன்றி விழுந்தேன். முழங்கையில் சடக்கென்று சத்தம் கேட்டது. வலி அப்புறம்தான் வந்தது.

அப்போதெல்லாம் கை கால் முறிந்தால் ஆஸ்பத்திரிக்கு யாரும் போகிறதில்லை. போனால் வெட்டி எடுத்துவிடுவார்கள் என்று பயம். இலுப்பூர்ப் பக்கம் கட்டுப்போடுகிற வைத்தியர் ஒருவர் இருந்தார். கையை நேராக நீட்டி, முட்டை வெள்ளைக்கருவில் உளுந்து மாவைக் குழைத்துப் பூசி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். என் கொழுந்தனுடைய கால் முறிவை அவர்தான் சேர்த்துவிட்டார். அந்தக் காலோடு கொழுந்தன் ஆவூரில் தேர் வடம் பிடித்தார். அதனால் எங்களுக்கு வைத்தியர் மேல் நம்பிக்கை.

கட்டுப் பிரித்தபோது கை மடங்கவில்லை. மடங்காத மூட்டை எண்ணெய் போட்டு உருவினால் இளகிவிடும் என்று எங்கள் வீட்டில் எல்லாருக்கும் எண்ணம். என் மாமியார் உருவிவிடுவதில் பேர் எடுத்தவர். சுளுக்கு, பிடிப்பு என்று நாலு ஊரிலிருந்து அவரைத் தேடி வருவார்கள். காலையில் அவர் உருவுவார். சாயங்காலம் நாத்தனார் உருவுவார். நான் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். உருவ உருவ வீங்கியது. வீங்கியதைப் பார்த்து இன்னும் அழுத்தினார்கள். அன்பாகத்தான் செய்தார்கள். கடைசியில் வீக்கம் வடிந்தது. கை உலக்கை மாதிரி நீட்டினபடியே நின்றுவிட்டது.

நீட்டின கையால் நிறைய வேலை செய்யலாம். குடம் தூக்கலாம், களை பறிக்கலாம், குனிந்து நாற்று நடலாம். முகத்துக்குத்தான் அது எட்டாது. சோற்றை அள்ளினால் கை தூரத்திலேயே நிற்கும். தலை வார முடியாது. கோயிலில் பிதா சுதன் சொல்லிச் சிலுவை போட நெற்றிக்கு எட்டாது. இடது கையால் போட்டேன், பக்கத்தில் இருந்தவர்கள் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். அதற்கப்புறம் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு முட்டி போட்டிருப்பேன்.

வீட்டில் இடது கையால் சாப்பிடக்கூடாது என்பதில் மாமியார் கண்டிப்பு. நாத்தனார்தான் ஊட்டிவிடுவார். முதலில் எம் மகளுக்கு ஒரு வாய், அடுத்து எனக்கு ஒரு வாய்.

"ரெண்டு பச்சப்புள்ள இருக்கு இந்த வீட்டுல. பெரிய புள்ளதான் மென்னு முழுங்க நேரமாக்குது" என்பார்.

எல்லாரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். பந்தியில் யார் ஊட்டுவது? கல்யாண வீடுகளில் பசிக்கவில்லை என்று சொல்லிவிட்டு வெறும் வயிற்றோடு திரும்பி வருவேன். அப்படி எத்தனை வீடோ.

கடைசியில் என் வீட்டுக்காரர்தான், திருச்சி ஆஸ்பத்திரியில் காட்டிப் பார்ப்போம் என்றார். கீரனூர் வந்து பஸ் ஏறினோம். மாமியாரும் வந்தார். டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, எண்ணெய் போட்டு உருவினீர்களா என்று முதலில் அதைத்தான் கேட்டார். உருவினதால் மூட்டைச் சுற்றிப் புது எலும்பு வளர்ந்து அடைத்துக்கொண்டது என்றார். மாமியார் தன் இரண்டு உள்ளங்கையையும் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆபரேசன் செய்யலாம், ஆனால் பழைய கை வராது என்று டாக்டர் சொன்னார். கொஞ்சம்தான் ஆடும். அந்தக் கொஞ்சத்தை நீட்டுகிற பக்கம் வைத்தால் தூக்கலாம், குனிந்து வேலை செய்யலாம், முகத்துக்கு எட்டாது. மடக்குகிற பக்கம் வைத்தால் வாய்க்கு எட்டும், கீழே இறங்காது. இரண்டும் கிடைக்காது, யோசித்துச் சொல்லுங்கள் என்றார்.

என் வீட்டுக்காரர் அவருடைய அம்மா முகத்தைப் பார்த்தார். மாமியார் தயங்கவில்லை.

"நீட்டுற பக்கமே வையுங்க. நாத்து நடணும், தண்ணி தூக்கணும். சோறு ஊட்ட நாங்க இருக்கம்ல."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. காடுகரையில் கை இல்லாமல் ஒரு வீட்டுப் பொம்பளை என்ன செய்வாள்? டாக்டர் எழுதப் போனார். நான் அதுவரை வேற்று ஆம்பிளை முன்னால் வாய் திறந்தவள் இல்லை. தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"எட்டணும்ங்க."

"எது எட்டணும்?" என்றார் டாக்டர்.

"வாய்க்கு."

மாமியார் என் பக்கம் திரும்பினார். என் வீட்டுக்காரர், அவ சொல்றபடியே வையுங்க என்றார்.

அப்படியே வைத்தார்கள். மாவுக்கட்டுப் பிரித்த பிறகு, யாரும் கையைத் தொடக்கூடாது, அவளே மடக்கி மடக்கிப் பழக வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். வெறும் தம்ளரைப் பிடித்து உதட்டுக்குக் கொண்டுபோவேன். நடுவழியில் நிற்கும். மறுபடியும் கொண்டுபோவேன். அந்த வலியை எழுதத் தெரியவில்லை. ஒரு நாள் காலையில் பழைய சோற்றைப் பிசைந்து ஒரு கவளம் எடுத்தேன். தலையைக் கொஞ்சம் குனிந்துகொண்டேன். வாய்க்குள் போய்விட்டது. நாத்தனார் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப எனக்கு வேலை போச்சு" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டார். வெகுநேரம் வெளியே வரவில்லை.

அதோடு எல்லாம் நல்லபடியாக ஆகிவிட்டது என்று எழுத ஆசைதான். ஆகவில்லை. கை மடங்கினபடியே நின்றது, இன்றைக்கும் அப்படித்தான். நாற்று நட ஒரு பக்கம் சாய்ந்து இடது கையால் நடுவேன். மற்றவர்கள் வரிசை முடித்துக் கரையேறி உட்கார்ந்திருப்பார்கள், நான் நடு வயலில் நிற்பேன். தண்ணீரை என் வீட்டுக்காரர் தூக்கினார். கிணற்றடியில் பெண்கள், "என்னண்ணே, இன்னைக்கு நீங்கதான் சமையலா?" என்று கேலி செய்வார்கள். அவர் குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு வருவார். பொம்பளை மாதிரி இடுப்பில் வைக்க மட்டும் அவர் ஒத்துக்கொள்ளவில்லை. மகள் தலையெடுத்த பிறகுதான் அவருக்கு அது விட்டது. இடது பக்கமே பாரம் சுமந்து என் இடுப்பும் போய்விட்டது.

மாமியார் அதற்கப்புறம் யாரையும் உருவவில்லை. சுளுக்கு என்று வந்து நின்றாலும், கையில் வலு இல்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார். வலு இருந்தது, எனக்குத் தெரியும். கடைசிவரை நாங்கள் இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை.

பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிறேன். நெற்றிக்குச் சிலுவை எட்டுகிறது, வயிற்றுக்குக் கொஞ்சம் மேலேயே நின்றுவிடும். போதும்.

நான் சொன்ன வருசம் சரியா, அந்த ஆபரேசனுக்கு என்ன பேர், புது எலும்பு வளரும் என்று டாக்டர் சொன்னதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று விவரம் தெரிந்தவர்கள் யாராவது பார்த்துத் திருத்துங்கள். பஸ் எந்த வழியாகப் போனது என்பதிலும் சந்தேகம் இருக்கிறது. கையை எந்தப் பக்கம் வைக்கச் சொன்னார்கள் என்பதை மட்டும் திருத்த வேண்டாம். அதைச் சொன்னது நான்தான்.