பெஞ்சில் உட்கார வைத்த ஸ்ட்ரைக்கர்

இந்த வயதிலும் தாம்பரத்தில் ஒரு கால்பந்து கிளப்புக்கு நான்தான் செயலாளர். போன கோடையில், வீரர்கள் கிளப் மாறும் நாட்களில், படப்பையிலிருந்து ஒரு ஸ்ட்ரைக்கரை எடுத்தேன். நெட்டையான, அதிகம் பேசாத மனிதர். எதிரணிக்குக் கிடைக்கக் கூடாது என்றுதான் எடுத்தேன், ஆட விடவில்லை. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பூட்ஸை இறுக்கிக் கட்டிக்கொண்டு பெஞ்சின் கோடியில் தனியாக உட்கார்ந்திருப்பார்.

இந்தக் கோடையில் என்னிடம் வந்தார்.

"வேற டீமுக்கு வுட்டுடுங்க சார். உங்களுக்கு எதிரா கோல் அடிக்க மாட்டேன்."

"சத்தியமா?" என்று விளையாட்டாகக் கேட்டேன்.

"அம்மா சத்தியமா சார்."

சிரித்தபடி கையெழுத்திட்டேன்.

நேற்று எங்களுக்கு எதிராக ஆடினார். காலியாக இருந்த கோலுக்கு முன்னால் பந்து கிடைத்தது. வெளியே தட்டிவிட்டார்.

"இன்னாடா, கண்ணு தெர்லயா? வெளிய வா!" என்று அவருடைய கோச் கத்தினார்.

அவர் தலைகுனிந்து வெளியேறினார். காரணம் தெரிந்தவன் நான் ஒருவன். எங்கள் பையன்களோடு சேர்ந்து நானும் கைதட்டினேன்.