பத்தொன்பதாயிரத்து நானூறு ரூபாய் ரேடியேட்டர்

தையல்நாயகி லைசன்ஸ் வாங்கியபோது அவளுக்கு நாற்பத்தொரு வயது. குருசுக்குப்பத்தில் அவள் தெருவில் அதுவரை எந்தப் பெண்ணும் நாலு சக்கர வண்டி ஓட்டியதில்லை. அவளுக்கும் அப்படியொரு ஆசை இருந்ததில்லை. ஒருநாள் காலை தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் ஏலம் எடுத்த மீனோடு பஸ் ஏறியிருந்தாள். நாற்றம் தாங்கவில்லை என்று யாரோ முகம் சுளித்தார்கள். கண்டக்டர் அவளைப் பாதி வழியில் இறக்கிவிட்டான். மீன் இருந்த அலுமினிய அன்னக்கூடையைக் காலால்தான் தள்ளினான். டிக்கெட் காசையும் திருப்பித் தரவில்லை. அன்று வெயிலில் தலைச்சுமையோடு நெல்லித்தோப்பு மார்க்கெட்டுக்கு நடந்தவள், அடுத்த வாரமே டிரைவிங் ஸ்கூலில் பணம் கட்டினாள்.

தெருவில் சிரித்தார்கள். அடுத்து ஏரோப்ளேனா என்று கேட்டார்கள். புருஷன் நாகராஜ் பைபர் படகில் கடலுக்குப் போகிறவன். "கவுத்துடாம ஓட்டு" என்றதோடு அவன் நிறுத்திக்கொண்டான். மகளிர் குழுக் கடனும் ஒரு ஜோடி கம்மலும் சேர்ந்து, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் ஒரு சொல்தா வீட்டில் சும்மா நின்றிருந்த பழைய பெட்ரோல் வேனாக மாறின. பின் சீட்டைக் கழற்றிவிட்டு அங்கே கூடைகளை வைத்தாள். நடுச் சீட்டில் சாந்தியும் தனக்கொடியும் இன்னும் இரண்டு மீன்காரிகளும் உட்கார்ந்து வந்தார்கள். ஆறு வருஷமாக அவர்களில் ஒருத்தியையும் எந்தக் கண்டக்டரும் இறக்கிவிடவில்லை.

அந்த வகை வேனில் முன் சீட்டுக்கு அடியில்தான் இன்ஜின். அதனால் வண்டிக்குக் காய்ச்சல் கண்டால் முதலில் தெரிவது டிரைவரின் தொடைக்குத்தான். போன மாசி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, ஏலம் முடிந்து வரும் வழியில் சீட்டு சுட ஆரம்பித்தது. தையல்நாயகி டேஷ்போர்டைப் பார்த்தாள். முள் சிவப்புக் கோட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. நெல்லித்தோப்பில் ஓரம் கட்டுவதற்குள் முன்பக்கத்தில் புகை போல ஆவி கிளம்பிவிட்டது.

தனக்கொடி துணியைச் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கை நீட்டினாள்.

"கைய எடுடீ! மூஞ்சி வெந்துடும்!" என்று கத்தினாள் தையல்நாயகி.

வண்டிக்கு அடியில் பச்சைத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. இருபது அடி தள்ளி, கண்ணாடிக் கதவு போட்ட ஒரு ஒர்க்‌ஷாப். வேறு வழி தெரியவில்லை. ஐந்து பேரும் சேர்ந்து உள்ளே தள்ளிவிட்டார்கள்.

அங்கே இருந்தவன் சட்டையில் மேனேஜர் விஜயராகவன் என்று பெயர் குத்தியிருந்தான். முப்பது வயது இருக்கும். "உக்காருங்க மேடம்" என்று மரியாதையாகத்தான் ஆரம்பித்தான். அரை மணி நேரத்தில் ஒரு பேப்பரை நீட்டினான். ரேடியேட்டர் எட்டாயிரத்து இருநூறு, வாட்டர் பம்ப் மூவாயிரத்து அறுநூறு, தெர்மோஸ்டாட் ஆயிரத்து நூறு, ஹோஸ் தொள்ளாயிரம், கூலண்ட் ஆயிரத்து இருநூறு, இன்ஜின் ஃப்ளஷ் தொள்ளாயிரம், லேபர் மூவாயிரத்து ஐந்நூறு. கடைசியில் பத்தொன்பதாயிரத்து நானூறு என்று வட்டம் போட்டிருந்தது.

தையல்நாயகி பத்தாவது வரை படித்தவள். ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தாள்.

"வாட்டர் பம்புக்கு இன்னா ஆச்சு?"

"ஒண்ணும் ஆவல. சேத்து மாத்திட்டா நல்லதும்மா." மேடம் இப்போது அம்மாவாகியிருந்தது.

"ஒண்ணும் ஆவலன்னா இன்னாத்துக்கு மாத்தணும்? ரேடியேட்டர மட்டும் மாத்து."

"அரகொற வேலை நாங்க செய்யறதில்ல."

"அப்ப வண்டிய எடுத்துக்கினு போறேன்."

"ஏற்கனவே ரேடியேட்டரக் கழட்டியாச்சும்மா. செக்கிங் சார்ஜ் ஆயிரத்தைந்நூறு கட்டிட்டு எடுத்துட்டுப் போங்க." பிறகு அவன் அந்த வார்த்தையைச் சொன்னான். "இதெல்லாம் உங்களுக்குப் புரியாது. வீட்ல ஆம்பளைங்க இருந்தா வரச் சொல்லுங்க, நான் பேசிக்கறேன்."

சாந்தி பக்கத்தில் நின்றிருந்தாள். தையல்நாயகியின் முகத்தைப் பார்த்ததும் அரை அடி பின்னால் நகர்ந்துகொண்டாள்.

"வண்டி எம் பேர்ல இருக்குது. லைசன்ஸ் எம் பேர்ல இருக்குது. டேங்குக்குப் பெட்ரோல் நான் போடறேன். இதுல ஆம்பள இன்னாத்துக்கு?" என்றாள் தையல்நாயகி. "கழட்டச் சொல்லி நான் கேக்கல. கழட்டுனவன் மாட்டிக் குடு. இல்ல, கழட்டுனத அப்டியே வண்டியில வெச்சுக் குடு. நான் போய் வெல விசாரிச்சுட்டு வரேன்."

பேப்பரைப் போனில் படம் எடுத்துக்கொண்டாள். கழற்றிப் போட்டிருந்த ரேடியேட்டரையும் நாலு பக்கமும் படம் எடுத்தாள். போகிறபோது சாந்தியிடம் திரும்பி, "ஐஸ் உருகறதுக்குள்ள கூடைய எறக்குங்க. இதோ, இந்த வாசல்லயே போடுங்க கடைய" என்றாள்.

ஸ்பேர் பார்ட்ஸ் கடை ஷேர் ஆட்டோவில் ஐந்து நிமிஷம். கவுண்டரில் துர்கா என்கிற பெண் இருந்தாள். அவள்தான் கடைக்காரி. படத்தைப் பார்த்ததும், "மேல் பக்கம் பிளாஸ்டிக் டேங்க் வெடிச்சிருக்குதுக்கா. இத ஒட்ட முடியாது, புதுசுதான் போடணும்" என்றாள். பிறகு ஷெல்ஃபிலிருந்து இரண்டு அட்டைப் பெட்டிகளை எடுத்து வைத்தாள்.

"இது கம்பெனி ஒரிஜினல், நாலாயிரத்துத் தொள்ளாயிரம். இது வேற கம்பெனி, ரெண்டாயிரத்துத் தொள்ளாயிரம், ஒரு வருஷம் வாரண்டி. ஒடச்ச வண்டியில கழட்டுனது ஆயிரத்தைந்நூறுக்குக் கெடைக்கும், ஆனா அது எத்தினி நாளு தாங்கும்னு எனக்கே தெரியாது. நான் விக்கறதில்ல. வேற பெரிய காருன்னா வெல இன்னும் ஏறும், உங்க வண்டிக்கு இவ்ளோதான்."

"கூலி?"

"வெளிய எழுநூறுலேர்ந்து ஆயிரம். மேல போச்சுன்னா ஏன்னு கேளுங்க."

தையல்நாயகி கேட்டதையெல்லாம் அந்தப் பேப்பர் படத்துக்குக் கீழேயே போனில் பதிந்துகொண்டாள். வண்டி ஒர்க்‌ஷாப்பில் மாட்டிக்கொண்டிருப்பதைச் சொன்னதும், துர்கா அங்கிருந்து இரண்டு தெரு தள்ளியிருந்த மெக்கானிக் சக்கரபாணியின் நம்பரைக் கொடுத்தாள்.

திரும்பி வந்தபோது கண்ணாடிக் கதவுக்கு முன்னால் நாலு அன்னக்கூடையும் வரிசையாக உட்கார்ந்திருந்தன. சங்கராவும் நெத்திலியும் வெயிலில் மின்னின. அக்கம்பக்கத்து வீட்டுப் பெண்கள் பாத்திரத்தோடு வந்துவிட்டார்கள். ஈக்களும் வந்துவிட்டன. உள்ளே ஏசி அறையில் விஜயராகவன் மூக்கைப் பொத்திக்கொண்டு போனில் பேசிக்கொண்டிருந்தான்.

தையல்நாயகி தன் கூடையையும் இறக்கி வைத்துவிட்டு நின்றபடியே குரல் கொடுத்தாள். ஏலத்தில் பழகிய குரல்.

"சங்கரா கூறு நூத்தம்பது! நெத்திலி கூறு நூறு! கடையில ரெண்டாயிரத்துத் தொள்ளாயிரம் விக்கிற ரேடியேட்டர், இங்க எட்டாயிரத்து எரநூறு!"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். சர்வீஸுக்கு விடக் காரோடு வந்த ஒருவர் கண்ணாடியை இறக்கி, என்ன விஷயம் என்று கேட்டார். தையல்நாயகி பேப்பரையே அவர் கையில் கொடுத்தாள். அவர் படித்தார், கண்ணாடிக் கதவைப் பார்த்தார், பேப்பரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வண்டியை ரிவர்ஸ் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

விஜயராகவன் வெளியே ஓடிவந்தான். "போலீஸக் கூப்பிடுவேன்!"

"கூப்பிடு. நானும் இந்தப் பேப்பரக் காட்டறேன். வண்டியக் குடுத்தா கடைய எடுத்துக்கினு போயிடப்போறேன். எங்களுக்கு இங்க இன்னா வேண்டுதலா?"

அதற்குள் ஒர்க்‌ஷாப் முதலாளியிடமிருந்து அவனுக்குப் போன் வந்தது. விஜயராகவன் ஐந்து நிமிஷம் "சரி சார், சரி சார்" என்றான். பிறகு, செக்கிங் சார்ஜ் வேண்டாம், எடுத்துட்டுப் போங்க என்றான்.

தையல்நாயகி அசையவில்லை. "சும்மா எனக்கு வேணாம். கழட்டுன கூலி முந்நூறு தரேன். பில்லு குடு."

அவன் கொடுத்தான். கழற்றிய ரேடியேட்டரை வண்டிக்குள் ஏற்றி, ஐந்து பேரும் வெளியே தள்ளினார்கள்.

சக்கரபாணி ஷெட்டுக்கு வண்டி போய்ச் சேர்ந்தபோது மணி பத்தரை. அவர் பம்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கசிவே இல்லை, இன்னும் ஓடும் என்றார். பிறகு தெர்மோஸ்டாட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "இது மட்டும் மாத்தணும்மா" என்றார்.

"நீயும் ஆரம்பிச்சுட்டியாண்ணே? எங்க, காட்டு."

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. எதிர் டீக்கடையிலிருந்து ஒரு சொம்பு கொதிக்கும் தண்ணீர் வாங்கி வந்து அதைப் போட்டார். "சூடு பட்டா இது வாயத் தெறக்கணும். அப்பதான் தண்ணி சுத்தும்." ஐந்து பேரும் குனிந்து பார்த்தார்கள். அது வாயைத் திறக்கவேயில்லை. போன் பண்ணிச் சொன்னதும் துர்கா கடையிலிருந்து ரேடியேட்டரோடு வந்த புதியதைப் போட்டபோது மெல்லத் திறந்தது.

அந்தப் பேப்பரில் ஒரு வரியாவது உண்மை என்று ஒப்புக்கொள்ள அவளுக்குக் கொஞ்சம் கசப்பாகத்தான் இருந்தது. ஆனாலும் ஒப்புக்கொண்டாள். ஒரு வருஷ வாரண்டி போட்ட அந்த ரேடியேட்டர், இரண்டு ஹோஸ், மூடி, கூலண்ட், டிஸ்டில்டு வாட்டர், தெர்மோஸ்டாட், கூலி எண்ணூறு. எல்லாம் சேர்ந்து நாலாயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பது. பழைய ரேடியேட்டரையும் கேட்டு வாங்கி வண்டியில் போட்டுக்கொண்டாள்.

மத்தியானம் கரைக்கு வந்த நாகராஜ் விஷயம் கேள்விப்பட்டு, "ஒரு போன் போட்டிருந்தா கரைக்கு வந்ததும் ஓடியாந்திருப்பேனே" என்றான்.

"நீ வந்திருந்தா பத்தொம்பதாயிரத்தக் குடுத்துட்டு, அவனுக்கு டீயும் வாங்கிக் குடுத்துட்டு வந்திருப்ப."

அவன் யோசித்துப் பார்த்தான். "ஆமா" என்றான். பிறகு இருவருமே சிரித்தார்கள்.

மகள் சுவேதா காலேஜில் படிக்கிறாள். அவள் ஒர்க்‌ஷாப் கொடுத்த அந்த மதிப்பீட்டுப் பேப்பரையும், துர்கா கடை பில்லையும், சக்கரபாணி எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படமெடுத்து, ஊர்க்காரர்கள் இருக்கும் ஃபேஸ்புக் குழுவில் போட்டாள். திட்டி எழுதவும் ஆரம்பித்திருந்தாள். தையல்நாயகி அதையெல்லாம் அழிக்கச் சொன்னாள். "வெலய மட்டும் போடு. படிக்கறவங்களுக்குத் தெரியும்."

மூன்றாம் நாள் விஜயராகவன் போன் செய்தான். குரல் மறுபடி மேடத்துக்கு வந்திருந்தது. பேர் கெடுகிறது, குழுவில் போட்ட படத்தை எடுத்துவிடச் சொல்லுங்கள் என்றான்.

ஏலம் நடந்துகொண்டிருந்தது. தையல்நாயகி ஒரு காதைப் பொத்திக்கொண்டு சொன்னாள்: "அதுல எது பொய்யின்னு சொல்லு தம்பி. அந்த வரிய மட்டும் எடுக்கச் சொல்றேன்."

அந்தப் பக்கம் போன் கட்டானது. படம் இன்னும் அங்கேதான் இருக்கிறது.