மாமாவுக்கு வில்லா பார்த்த கதை

எங்கள் நெல்லியடி வீட்டோடு சேர்த்து அம்மா ஓர் அறை கட்டுவித்தபோது எனக்கு ஒன்பது வயது. கனடாவிலிருந்து மாமாவும் மாமியும் நல்லூர்த் திருவிழாவுக்கு வந்தால் தங்குவதற்கென்று கட்டிய அறை அது. மாமா அம்மாவின் ஒரே அண்ணன். அறைக்குள்ளேயே குளியலறை, அதில் கொமட், கொமட்டுக்குப் பக்கத்துச் சுவரில் பிடித்துக்கொண்டு எழும்ப ஒரு கம்பி. "மாமிக்கு முழங்கால் வருத்தமெல்லே" என்றார் அம்மா. வந்து பார்க்கட்டும் என்று மாமாவுக்கு மூச்சுவிடாமல் வைத்திருந்தார். எனக்கும் வாய்ப்பூட்டு.

சுண்ணாம்பு காய முன்னமே மாமாவின் அழைப்பு வந்தது. நல்லூரில் தங்க ஒரு வாடகை வில்லா பார்த்திருக்கிறாராம். அம்மா போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தபடியால் வீடு முழுக்கக் கேட்டது.

"தங்கச்சி, படத்தில எல்லாம் வடிவாத்தான் இருக்கும். நீ ஒருக்கா நேரில போய்ப் பாத்துச் சொன்னாத்தான் காசு கட்டுவன். போன முறை நீங்கள் எல்லாரும் ஹோலுக்க படுத்து, நீ காய்ச்சலோட சமைச்சனி. இந்த முறை உனக்கு ஒரு கரைச்சலும் தரமாட்டன்."

ஹோலில் எல்லாரும் வரிசையாகப் பாய் போட்டுப் படுத்தது எனக்குப் பெரிய கொண்டாட்டம். அதில் கரைச்சல் எங்கே இருந்தது என்று எனக்கு விளங்கவில்லை. அறையைப் பற்றி அம்மா இப்போது சொல்லிவிடுவார் என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா "ஓம் அண்ணை" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த நாளே என்னையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினார். வில்லா என்றதும் அரண்மனை மாதிரி ஏதோ என்று நினைத்திருந்தேன். பார்த்தால் கேற்றுக்கு வர்ணம் அடித்த சாதாரண வீடு. பொறுப்பாக நின்றவர் திறப்புக் கொத்தோடு முன்னே நடக்க, அம்மா மாப்பிள்ளை வீடு பார்க்க வந்தவர் போலப் பின்னே நடந்தார். மெத்தையை அமுக்கினார், ஏசியைப் போட்டுப் பார்த்தார். யன்னல்களைத் திறந்து மூடினார். திருவிழா நேரம் வீதியை மறித்தால் வான் எவ்வளவு தூரத்தில் நிற்கும், கரண்ட் போனால் என்ன வழி, விரதகாரர் சமைக்கப்போகிற குசினியில் முன்னர் வந்தவர்கள் மீன் சமைத்தார்களா என்றெல்லாம் விசாரித்தார். மீன் என்ற கேள்விக்கு அந்த மனிதர் தலையைச் சொறிந்தார். பிறகு அம்மா குழாய்த் தண்ணீரைக் கையில் பிடித்து வாயில் விட்டு, உவர் என்று துப்பிவிட்டு, கடைசியாகக் கொமட்டடிக்குப் போனார்.

"இதில பிடிக்கக் கம்பி ஒண்டும் இல்லையோ?"

"இல்லை அக்கா. ஒருத்தரும் கேக்கிறேல்லை."

எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். தண்ணீர் உவர், குசினியில் மீன், கம்பியும் இல்லை. வில்லா சரிவராது, மாமா எங்களிடம்தான் வருவார். ஆனால் அம்மா வாசலில் நின்றே மாமாவுக்குப் போன் எடுத்து, "வீடு நல்லம் அண்ணை, காசைக் கட்டுங்கோ. தண்ணிதான் கொஞ்சம் உவர். குடிக்க நாங்கள் கொண்டுவந்து தாறம்" என்றார். எனக்குத் தலையும் விளங்கவில்லை, காலும் விளங்கவில்லை.

மாமா வருவதற்கு முதல் நாள் அம்மா வில்லாவுக்குப் போய்க் குசினியை மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கழுவினார். வாடகைக்கு எடுத்தவர் மாமா, கழுவுகிறவர் அம்மா. திருவிழா முடியும்வரை அப்பா எங்கள் கிணற்றுத் தண்ணீரைப் பிளாஸ்டிக் கானில் நிரப்பி பஸ்ஸில் நல்லூருக்குக் காவினார். வீட்டிலே புது அறை பூட்டிக் கிடந்தது.

விமானம் ஏறக் கொழும்புக்குத் திரும்புகிற அன்றுதான் மாமாவும் மாமியும் எங்கள் வீட்டுக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தார்கள். வான் வாசலில் நின்றது. மாமா புது அறையைக் கண்டு, இது எப்போது கட்டியது என்று கேட்டார்.

"உவள் இருந்து படிக்கட்டும் எண்டு சும்மா கட்டினது" என்றார் அம்மா என்னைக் காட்டி. நான் வாயைத் திறக்கப் போனேன். அம்மா பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

சாப்பிட்ட பிறகு மாமா மாமியைக் கைத்தாங்கலாக அந்தக் குளியலறைக்குக் கூட்டிப் போனார். உள்ளேயிருந்து மாமியின் குரல் கேட்டது. "இஞ்சை பிடிக்கக் கம்பி இருக்கப்பா, நீங்கள் போங்கோ."

மாமா போகவில்லை. கதவடியிலேயே நின்றார். பிறகு கட்டிலில் வந்து இருந்து, என் புத்தகம் ஒன்றுகூட இல்லாத அந்த அறையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். வானைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கோ என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு அப்படியே சரிந்து நித்திரையானார். அம்மா அறை வாசலில் கதிரை போட்டு இருந்துகொண்டு, முற்றத்தில் கத்திய காகங்களைச் சத்தமில்லாமல் கைவீசிக் கலைத்தார்.

வானில் ஏறும்போது மாமா அம்மாவின் தலையைத் தடவினார். லேஞ்சியால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அந்த அறை அன்றிலிருந்து உண்மையிலேயே எனக்கு வந்தது. கம்பியில் துவாயைக் காயப்போட்டபடி அந்த நாளை நெடுக யோசித்தேன். ஏசி போட்ட வில்லாவில் இருந்து பழகியவருக்கு எங்கள் அறையில் நன்றாக வியர்த்திருக்கிறது என்று முடிவுகட்டினேன்.