ஞானசெல்வி பிழைக்கவைத்த கதாநாயகி

ஞானசெல்விக்குக் கல்யாணம் ஆகவில்லை என்பதைப் போடி கடைவீதி ஒருவாறு மன்னித்துவிட்டது. எந்தக் கதையையும் கதையாக விட்டுவைக்க அவளுக்கு மனம் வராததைத்தான் மன்னிக்கவில்லை. கதையில் காக்கை வந்தால் அது காக்கை இல்லை, மாமியாருடைய மனசாட்சி. பால் உறையவில்லை என்று எழுதியிருந்தால் அந்த வீட்டில் தாம்பத்தியம் உறையவில்லை. சர்ச்சில் போதகர் சொல்லும் உவமைகளுக்கும் அவள் தனி விளக்கம் வைத்திருந்தாள். அதனால் போதகர் அவளைத் தூரத்தில் கண்டாலே சைக்கிளைச் சந்துக்குள் திருப்பிவிடுவார்.

அவளுடைய அண்ணனுக்கு ஏலக்காய் வியாபாரம். சரக்கு வைக்கும் கிட்டங்கியில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து காயைத் தரம் பிரிப்பார்கள். பச்சைக் காய் ஒரு குவியல், வெளுத்தது ஒன்று, வெடித்தது ஒன்று. அவர்கள் பேசினால் கை நின்றுவிடுகிறது, கதை கேட்டால் கை ஓடுகிறது என்று அண்ணன் கண்டுபிடித்தார். தங்கைக்குச் சம்பளமில்லாத வேலை கிடைத்தது.

மதியம் சாப்பாடு முடிந்ததும் ஒரு அத்தியாயம் வாசிப்பாள். பிறகு அதை அறுத்துப் பார்ப்பாள்.

"ஏன் தாயி, அவ கெணத்தடியில நின்னா தண்ணி எடுக்கத்தான நிப்பா?"

"இல்லக்கா. கெணறுங்கிறது அவ மனசு."

"அப்ப வாளி?"

"வாளி அவ புருசன்."

"அதான் ஓட்டையா இருக்கு," என்பாள் ஒருத்தி. கிட்டங்கி குலுங்கும்.

வாசித்த புத்தகம் கடையில் வாங்கியதல்ல. வாரப் பத்திரிகை ஒன்றைத் தெருவே சேர்ந்து வாங்கியது. அது வீடு வீடாகச் சுற்றிவிட்டுக் கடைசியில் ஞானசெல்வி வீட்டுக்கு வரும். அங்கே வீட்டு வேலை செய்த மொக்கம்மாள் தொடர்கதைப் பக்கங்களை வெட்டி, ஓரம் ஒழுங்காக வரட்டும் என்று தலைப்பு இருக்கும் மேல்பட்டையையும் நறுக்கி, சணலால் தைத்துவைப்பாள். மொக்கம்மாளுக்கு எழுத்து தெரியாது. படத்தில் இருக்கும் கதாநாயகியின் முகம் பார்த்து வெட்டுவாள்.

அந்த ஆண்டு ஆனியில் ஓடிய கதையின் நாயகி சொர்ணலதா. புருஷன் வீட்டுக் கொடுமை தாங்காமல் ஒரு விடியலில் வாய்க்கால் கரையில் செருப்பைக் கழற்றி வைத்தாள். அத்தோடு அந்த வாரத்து அத்தியாயம் முடிந்தது. நிமிர்ந்து பார்த்த ஞானசெல்விக்கு எல்லாக் கைகளும் நின்றிருந்தது தெரிந்தது. எல்லோரும் வரிசையில் இருந்த சங்கிலியம்மாளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சங்கிலியம்மாளின் மகள் சந்தனத்தை லோயர் கேம்ப்பில் கட்டிக்கொடுத்திருந்தது. ஒருநாள் அவளைக் காணவில்லை. பெரியாற்றுத் தண்ணீர் இறங்கி ஓடும் கரையில் அவளுடைய செருப்பு மட்டும் கிடைத்தது. உடம்பு கிடைக்கவில்லை. மருமகன் அடுத்த தையிலேயே இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டான். சாகாத பிள்ளைக்குக் காரியமா என்று இரண்டு ஆண்டுகளாக மறுத்துவந்த சங்கிலியம்மாள், இப்போதுதான் மனம் இறங்கி, வருகிற ஆடி அமாவாசைக்குச் சுருளி அருவியில் மகளுக்குத் தர்ப்பணம் கொடுக்கச் சம்மதித்திருந்தாள்.

மறுநாள் அடுத்த அத்தியாயம். அதில் மலை எஸ்டேட்டில் கூலியாட்கள் குடியிருக்கும் லயத்து வீடு ஒன்றில், மஞ்சுக்குள்ளே ஒரு பெண் நிற்கிறாள். பெயர் செல்வமணி. எந்த ஊர் என்று கேட்பவரிடம், எனக்கு ஊரும் இல்லை, உறவும் இல்லை என்கிறாள். படத்தில் அதே கண், அதே பின்னல், கன்னத்தில் அதே மச்சம்.

"இவ யாரு தாயி புதுசா?"

ஞானசெல்வி ஒரு கணம் தடுமாறினாள். ஆனால் தடுமாற்றத்தை வெளியே காட்டுகிறவர்கள் கதைக்கு விளக்கம் சொல்ல வருவதில்லை.

"புதுசு இல்லக்கா. அவளேதான். சாகப்போறவ செருப்பக் கழட்டுவாளா? வீட்டுக்குள்ள போறவதான் கழட்டுவா. தண்ணிதான் அவளுக்கு வாசல். அந்தப் பக்கம் போனவளுக்குப் பழைய பேரு சேராது. அதான் வேற பேரு. இத எழுதுனவரு வெளிய சொல்ல மாட்டாரு, மறச்சுத்தான் வைப்பாரு."

யாரும் சிரிக்கவில்லை. வெயில் கொளுத்திய மதியத்தில் கிட்டங்கிக்குள் ஈரத்துணி வாடை அடித்ததாகப் பிற்பாடு இரண்டு பேர் சொன்னார்கள். சாயங்காலம் பார்த்தபோது சங்கிலியம்மாளின் குவியலில் பச்சையும் வெளுப்பும் வெடிப்பும் கலந்து கிடந்தன. ஒரு காய்கூடப் பிரிக்கப்படவில்லை. சுருளிக்குப் போகவில்லை, திங்கட்கிழமை மேகமலைக்குப் போகிறேன், அங்கனதான் லயம் இருக்கு என்று சொல்லிவிட்டு அவள் எழுந்துபோனாள்.

சனிக்கிழமை பக்கத்து வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் அந்தப் பழைய இதழின் வெட்டாத பிரதி ஒன்று கண்ணில் பட்டது. ஞானசெல்வி அதைக் கேட்டு வாங்கிப் புரட்டினாள். செல்வமணி வேறொரு தொடர்கதையின் நாயகி. சொர்ணலதாவின் கதை நாலு பக்கம் தள்ளித் தொடர்ந்தது. அதில் அவளுடைய உடம்பு மதகில் ஒதுங்கியிருந்தது.

மொக்கம்மாளைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"ரெண்டும் ஒரே மூஞ்சிதான தாயி," என்றாள் மொக்கம்மாள். "நான் என்ன செய்ய?"

உண்மைதான். ஓவியருக்கு ஒரே முகம்தான் வரும். சோப்பு விளம்பரத்திலும் அவளே. கடைசிப் பக்கத்துத் துணுக்கில், மாமியாருக்குப் பயந்து நிற்பவளும் அவளே. இத்தனை வருஷம் இத்தனை பேராக வந்தவள் ஒருத்திதான் என்று நினைத்தபோது ஞானசெல்வி இதழை மூடிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் நேரே சங்கிலியம்மாள் வீட்டுக்குப் போனாள். ஒரு தாயை மலைமேல் வீணாக அலையவிடக் கூடாது. இதழை விரித்து எல்லாவற்றையும் சொன்னாள்.

"அது வேற கதைக்கா. மொக்கம்மா மாத்தித் தச்சுட்டா. நான் சொன்னது தப்பு. சொர்ணலதா செத்துட்டா."

சங்கிலியம்மாள் முழுக்கப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

"பேரு மாறும்னு நீதான தாயி சொன்ன?"

"சொன்னேன்."

"எழுதுனவரு மறச்சு வைப்பாருன்னும் சொன்ன. பெறகு வேற கதைன்னு போட்டுத்தான மறைப்பாக?"

"அக்கா, இங்கன பாருங்க. மதகுல ஒதுங்கிட்டான்னு எழுதியிருக்கு."

சங்கிலியம்மாள் படத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தாள். துணி போர்த்திய உடம்பு. இரண்டு பாதங்கள்.

"மூஞ்சியக் காட்டல பாத்தியா," என்றாள்.

ஞானசெல்வியும் பார்த்தாள். இந்தப் பத்திரிகையில் அந்த முகம் இல்லாத பெண் படம் அது ஒன்றுதான். பதினைந்து வருஷமாகக் கிணறும் காக்கையும் என்னவென்று சொல்லிவந்தவளுக்கு, வெறும் படம்க்கா என்று சொல்ல நாக்கு எழவில்லை.

திங்கட்கிழமை சங்கிலியம்மாள் சின்னமனூர் போய் எஸ்டேட் ஜீப்பில் ஏறிவிட்டாள். அமாவாசை வந்தது, போனது. சுருளியில் சந்தனத்துக்கு யாரும் எள்ளும் தண்ணீரும் இறைக்கவில்லை.

ஆடி முடிவதற்குள் ஒரு மதியம் கிட்டங்கிக்குச் சங்கிலியம்மாள் வந்தாள். கூட ஒரு பெண்.

"சந்தனம் வந்துட்டா," என்றாள். அந்தப் பெண் உட்கார்ந்து காயைப் பிரிக்க ஆரம்பித்தாள். வேலை பழகிய கை.

சந்தனத்தை அறிந்த ஒருத்தி பக்கத்தில் இருந்தவளிடம் முணுமுணுத்தாள். "அவ இம்புட்டு ஒசரம் இல்லையே."

"மலைக்குளிருக்கு வளந்துட்டா," என்றாள் சங்கிலியம்மாள், யாரையும் பார்க்காமல்.

"உன் பேரு என்னம்மா?" என்று கேட்டாள் ஞானசெல்வி.

"ஆத்தா சந்தனம்னு கூப்புடுறாக," என்றாள் அந்தப் பெண். பேச்சில் மலையாளம் லேசாக இழைந்தது. "அதுவே இருக்கட்டும் சேச்சி."

சங்கிலியம்மாளின் கை அந்தப் பெண்ணின் முழங்கால்மேல் இருந்தது. இவள் உன் மகள் இல்லை என்று சொல்ல வேண்டியவள் ஞானசெல்விதான். வரிசை முழுக்க அவளையே பார்த்தது. அவள் மடியில், சரியான இடத்தில் தைத்துவிடலாம் என்று எடுத்துவந்த அந்த மதகு அத்தியாயம் கிடந்தது. அதை மடித்து ஏலக்காய்ச் சாக்குக்கு அடியில் தள்ளினாள்.

"படிங்க சேச்சி," என்றாள் அந்தப் பெண். "வழியில ஆத்தா கதையச் சொன்னாக. பெறகு நான் என்ன ஆனேன்?"

புத்தகம் மூடியிருந்தது. ஞானசெல்வி அதைத் தொடாமல் சொல்ல ஆரம்பித்தாள்.

"ஒரு நாளு அவளத் தேடி ஆத்தா மலைக்கு வந்தாக. வா வீட்டுக்குப் போவோம்னாக. அவ ஒண்ணும் கேக்கல. கூடவே எறங்கி வந்துட்டா."

அந்தப் பெண் வெடித்த காய் ஒன்றை எடுத்து அதன் குவியலில் போட்டாள்.

"அதுவரைக்கும் சரி," என்றாள். "அப்பறம்?"