யாகப்பு வராத கலியாணம்

லண்டன் மோர்டனில் பியற்றிஸின் புருஷன் என்றால் எல்லாருக்கும் தெரியும். தாடி வைத்துக் கறுப்பு உடுப்பே போட்டுக்கொண்டு திரிகிற அந்த நெடுவல் பிறாஞ்சுக்காரன்தான். பெயர் ஹாகொப். அது எங்கட யாக்கோபு என்கிற பெயர்தான் என்று கோயில் பாதர் விளங்கப்படுத்தின நாளிலிருந்து பியற்றிஸின் சொந்தக்காரருக்கு அவன் யாகப்பு ஆகிப்போனான். குடும்பப் பெயர் நல்பந்தியான். முதன்முதல் அதைக் கேட்ட கிழடுகள், பந்தி பரிமாறுகிற பரம்பரையாக்கும், நல்ல இடந்தான் என்று தலையாட்டினார்கள்.

உண்மையில் அந்தப் பரம்பரை செருப்புத் தைத்த பரம்பரை. பூட்டன் ஆர்மேனியாக்காரன். துருக்கியிலே தங்கட சனத்துக்கு அழிவு வந்த காலத்தில் உயிர் தப்பிக் கப்பலேறி, பிறாஞ்சிலே மார்செய் துறைமுகத்தில் வந்து இறங்கினவன். அப்பப்பா அங்கே ஒரு செருப்புக் கடை போட்டார். தகப்பன் அதைப் பெருப்பித்தார். ஹாகொப் சினிமா டைரக்டராகி அதை இழுத்து மூடினான்.

அவனுடைய முதல் படத்தில் ஒருவன் பஸ்சுக்குக் காத்து நிற்கிறான். பஸ் வருகிறது. அவன் ஏறவில்லை. படம் முடிந்தது. ஏன் ஏறவில்லை என்று பெரிய பெரிய ஆக்களெல்லாம் கூடியிருந்து யோசித்தார்களாம். நடந்தது என்னவென்றால், பஸ் நல்லாய்ப் பிந்தி வந்தது, நடிகன் நின்றபடியே நித்திரையாகிப் போனான். இன்னொரு முறை எடுப்போம் என்று கமராக்காரன் கெஞ்சியும் ஹாகொப் மாட்டேன் என்றுவிட்டான். நடந்தது நடந்ததுதான், அதைத் திரும்ப நடத்திக் காட்டினால் பொய் என்பது அவன் பிடித்த பிடி. திரும்ப எடுக்கிறதுக்குச் சொல்லுகிற ரீரேக் என்ற சொல்லை அவனுக்கு முன்னால் ஒருவரும் எடுக்கக்கூடாது.

இரண்டாவது படத்தில் அவனுடைய தாய் கத்தரிக்காய்க்குத் தோல் சீவினாள். அது முதல் படத்தைவிடக் கொஞ்சம் விறுவிறுப்பு.

அந்தக் கத்தரிக்காய்ப் படம் பாரிசில் ஒரு சின்னத் தியேட்டரில் ஓடினபோதுதான் பியற்றிஸ் அவன் கண்ணில் பட்டாள். மன்னார்ப் பக்கத்துப் பேசாலைப் பிள்ளை. சண்டைக்குள்ளாலே தப்பி வந்து, தகப்பன் வழிச் சித்தி வீட்டில் ஒட்டியிருந்தாள். சனம் ஒவ்வொன்றாய் எழும்பிப் போக, கடைசி வரிசையில் இவள் மட்டும் படம் முடியுமட்டும் அசையாமல் இருந்தாள். ஹாகொப்புக்குக் கண் கலங்கிப்போனது. கிட்டப் போய், என்ன உங்களை இருத்தி வைத்தது என்று பிரெஞ்சில் கேட்டான். படம் முடிந்தால்தானே கூட்டலாம் என்றாள் அவள். அந்தத் தியேட்டரில் கூட்டித் துடைக்கிற வேலை அவளுக்கு.

அந்த மறுமொழியில் விழுந்தவன் பிறகு எழும்பவேயில்லை. கலியாணம் கட்டினான். பியற்றிஸின் தாய் மோர்டனில் வருத்தமாய்க் கிடக்கிறா என்று செய்தி வர, லண்டனுக்கும் வந்து சேர்ந்தான். மூன்றாவது படம் எடுக்கவில்லை. பின்னேரங்களில் வளர்ந்த ஆக்களுக்குக் கமரா பிடிக்கப் படிப்பித்தான். பகலில் சமைத்தான், மகள் அஜித்தாவைப் பள்ளிக்கூடத்தால் கூட்டிவந்தான். தமிழும் படித்தான். அதில் பாதி பேசாலைத் தமிழ், மீதி மூக்காலே வருகிற தமிழ்.

பியற்றிஸின் தாய் கண்ணை மூடினபிறகு அந்தக் குடும்பத்துக்கு மூத்த தலை என்று லண்டனில் இருந்தது தாயின் தம்பி செபஸ்தியாம்பிள்ளைதான். தோர்ண்டன் ஹீத்தில் வீடு. அஜித்தாவுக்கு ஞானத்தகப்பனும் அவர்தான். பிள்ளைக்கு அந்தக் கிழவனென்றால் உயிர்.

போன வருஷம் மார்கழியில் மாமாவின் மகள் அருள்மலருக்கும் றொமேஷ் என்கிற பெடியனுக்கும் கலியாணம். கலியாணத்துக்கு ஒரு கிழமைக்கு முன்னால் வீடியோக்காரர் காலை முறித்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார். மாமா நேரே மோர்டனுக்கு வந்தார். நீரும் படம் எடுக்கிற ஆள்தானே மருமோன், என்று கேட்டார்.

பியற்றிஸுக்குப் பயம் பிடித்தது. மனுஷன் கலியாணப் பொம்பிளையை விட்டிட்டுக் கத்தரிக்காயை எடுத்துவிடுவார் என்று தெரியும். ஆனபடியால் அவனை இருத்திவைத்துப் பாடம் எடுத்தாள். எங்கட ஆக்களுக்குக் கலியாண வீடியோ என்பது படமில்லை, சாட்சி. ஆர் வந்தது, ஆர் வரேல்லை, ஆர் மேடையில் ஏறி வாழ்த்தினது, ஆர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தது, எல்லாம் அதில் கிடக்கவேணும். மாமாவின் அக்கா, கனடாவில் இருக்கிற பெரியம்மா, ஒரு தலை தவறாமல் பார்ப்பா. வீடியோவில் இல்லாதவர் கலியாணத்துக்கு வராதவர்.

ஹாகொப் சொன்ன சொல் தட்டாமல் எடுத்தான். மேசை மேசையாய்ப் போனான். சாப்பிட்ட வாய் எல்லாவற்றையும் பிடித்தான். சமையல்காரர், பாட்டுப் போட்ட பெடியன், ஹோல் பூட்ட வந்த வெள்ளைக்காரன், ஒருவரும் தப்பவில்லை. தன்ரை வாழ்நாளில் எடுத்த படங்களுக்குள் இதுதான் சிறந்தது என்று அவன் மனதுக்குள் நினைத்ததில் பிழையுமில்லை. இதைத்தானே கடைசிமட்டும் சனம் இருந்து பார்த்தது.

மாமா வீட்டு ஹோலில் எல்லாரும் கூடியிருந்து பார்த்து முடித்தார்கள். மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எல்லாம் வடிவாய்க் கிடக்கு. யாகப்பு ஏன் வரேல்லை?"

பகிடியாக்கும் என்று சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை. நான்தானே மாமா எடுத்தனான் என்றான் ஹாகொப். எடுத்தது எடுத்ததுதான், வந்ததைத்தான் காணேல்லை என்றார் மாமா. சமைத்தவன் நிற்கிறான், பாட்டுப் போட்டவன் நிற்கிறான், மேடையில் பார்த்தால் பியற்றிஸ் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு தனிய நிற்கிறாள்.

மாமி தேத்தண்ணியைக் கையில் கொடுத்து அவரை அடக்கினா. அடுத்த நாள் கனடாவிலிருந்து பெரியம்மாவின் போன் வராவிட்டால் விஷயம் அதோடே போயிருக்கும். பெரியம்மா வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்திருந்தா. பியற்றிஸை அந்த ஆர்மேனியன் விட்டிட்டுப் போட்டான், நீங்கள் எனக்கு மறைக்கிறியள் என்று தம்பியிடம் அழுதிருக்கிறா. தம்பி இல்லையென்று சொல்ல, அப்ப ஏன் தாயும் பிள்ளையுமாய்த் தனிய நிக்கினம் என்று கேட்டிருக்கிறா. ரொறன்ரோ முழுக்கப் பியற்றிஸுக்காகச் செபமாலை தொடங்கியாயிற்று.

மாமாவுக்கு மானம் போனது. மோர்டனுக்குப் போன் எடுத்தார். என்ரை மகளின்ரை கலியாணச் சபையில் உம்மை என்ரை அக்கா கண்ணாலே காணுமட்டும் உம்மட வாசல்படி மிதிக்க மாட்டன் என்று சொல்லி வைத்துவிட்டார்.

வைகாசியில் அஜித்தாவுக்குப் புதுநன்மை, கோயிலில் முதன்முதல் நற்கருணை வாங்குகிற நாள், வர இருந்தது. ஞானத்தகப்பன் பக்கத்தில் நிற்காமல் நன்மை எடுக்க மாட்டேன் என்று பிள்ளை வெள்ளைச் சட்டையைத் தூக்கிக் கட்டில் மேலே எறிந்தது. மாமா வராவிட்டால் அவருக்குப் பின்னாலே வருகிற பேசாலைச் சனம் ஒன்றும் வராது.

ஹாகொப் பழைய வீடியோவைத் துழாவினான். ஒரு கறிக்கரண்டியின் முதுகில் தன்ரை நிழல் தெரிந்தது. அதைப் பெருப்பித்துக்கொண்டு தோர்ண்டன் ஹீத்துக்கு ஓடினான். மாமா வாசலில் வைத்தே பார்த்தார். இது கரடி என்றார்.

வீட்டுக்கு வந்தவனிடம் பியற்றிஸ் மெல்லமாய்ச் சொன்னாள், கலியாணத்தைத் திரும்ப எடுப்போமே என்று. ஹாகொப் கதிரையால் எழும்பிவிட்டான். அந்தப் பஸ்சையே திரும்ப வரச் சொல்லாதவன் தான் என்றான். வாழ்க்கையில் ஒன்று ஒருதரந்தான் நடக்கும் என்றான்.

"ஓமப்பா. மாமாவும் ஒருதரந்தான் கோவிப்பார். அது சாகுமட்டும் நிக்கும்."

ஹாகொப் கட்டிலில் கிடந்த வெள்ளைச் சட்டையை எடுத்து, சுருக்கமில்லாமல் மடித்து வைத்தான். பிறகு மாமிக்குப் போன் எடுத்தான்.

சித்திரை மாதத்து ஒரு சனிக்கிழமை, கோயில் ஹோலில் கலியாணம் இரண்டாம் முறை நடந்தது. அருள்மலருக்கு அதற்குள் வயிறு தெரியத் தொடங்கியிருந்தது. மாமி பழைய பூச்செண்டுக்கு இரண்டு மடங்கு பெரிய செண்டு கட்டிக் கொடுத்து, இதை மூச்சு விடவும் விலக்காதே என்றா. மீசையை வழித்துப்போட்டிருந்த றொமேஷுக்குப் பியற்றிஸ் மை எடுத்து மீசை கீறினாள். ஒரு பக்கம் கொஞ்சம் தூக்கிப் போய்விட்டது.

கமரா ஆர் பிடிப்பது என்ற கேள்வி வந்தது. தான் பிடிக்கிறேன் என்றார் மாமா. சாட்சி சொல்லப்போகிறது அவரல்லவா.

முதலாம் முறை மாமா பட்டனை அமத்த மறந்துபோனார். இரண்டாம் முறை அவருடைய பெருவிரல்தான் கலியாணத்துக்கு வந்தது. மூன்றாம் முறை எல்லாம் சரி, ஆனால் ஹாகொப் தன்ரை படத்து ஆக்களைப்போல யன்னலைப் பார்த்துக்கொண்டு, ஆரோ செத்த மாதிரி நடந்து வந்தான். மாமா கையைத் தூக்கி நிறுத்தினார்.

"கலியாண வீட்டுக்கு வாறவன் இப்பிடியே வாறது? ரோல்ஸ் தட்டு எங்கை எண்டு பார்த்துக்கொண்டு வாரும்."

ஹாகொப் திரும்பப் போய்க் கதவடியில் நின்றான். பியற்றிஸின் கையைப் பிடித்துக்கொண்டு, இறைச்சி வைத்துச் சுருட்டிப் பொரித்த ரோல்ஸ் தட்டைத் தேடிக்கொண்டு வந்து ஒன்றைக் கடித்தான். மேடையில் ஏறினான். அருள்மலரின் நெற்றியில் சிலுவை போட்டான், றொமேஷைக் கட்டிப்பிடித்தான். கட்டிப்பிடித்ததில் மீசை பாதி இவனுடைய கன்னத்துக்கு வந்துவிட்டது. மாமா போதும் என்றார். ஹாகொப் கன்னத்தைத் துடைத்துக்கொண்டு, மாமா, நான் ரோல்ஸ் கடிச்சது சரிவரேல்லை, இன்னொருக்கா எடுப்பமே என்று கேட்டான். பியற்றிஸ் சிரிப்பை அடக்க ஹோலுக்கு வெளியே ஓடிவிட்டாள். அன்றைக்கு அவன் தின்ற ரோல்சுக்குக் கணக்கில்லை.

ஹாகொப் பழைய வீடியோவையும் புதியதையும் ஒட்டிக் கனடாவுக்கு அனுப்பினான். பெரியம்மா பார்த்துவிட்டுப் போன் எடுத்தா. புருஷன் நிக்கிறான், அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்திறன் என்றா. பிறகு, மாப்பிள்ளையின்ரை மீசை ஏன் ஒரு பக்கம் மேலே போட்டுது என்று கேட்டா. காத்துக்கு என்றார் மாமா.

வைகாசியில் மாமா சொன்னபடி வந்தார். கோட், கழுத்து ரை, சப்பாத்து எல்லாம் புதுசு. ஞானப்பிள்ளைக்குச் சங்கிலி போட்டார், பீடத்தடிவரை கூடப்போனார். பின்னாலே பேசாலைச் சனம் ஒரு பஸ் நிறைய. ஆனால் அன்றைக்கு ஹாகொப்பைக் கமராவுக்குக் கிட்ட அவர் விடவேயில்லை. தகப்பன் சபையில் நிற்கவேணும், நான் பிடிக்கிறன் என்று பறித்துக்கொண்டார். சங்கிலி போடுகிற நேரமும் ஒரு கையால் போட்டு மற்றக் கையால் படம் எடுத்தார். மேசை மேசையாய்ப் போனார். சரியாய்ச் சப்பாதவர்களைத் திரும்பச் சப்ப வைத்தார். பெருவிரல் ஒரு இடத்திலும் விழவில்லை.

ஒரு கிழமை கழியப் பெரியம்மாவின் போன் வந்தது. இந்த முறை அவ நேரே பியற்றிஸுக்கு எடுத்தா. எல்லாம் பார்த்தனான் பிள்ளை, யாகப்பு வடிவாய் நிக்கிறான், ஆனால் தம்பிக்கு உங்களோடை இன்னும் கோவம் தீரேல்லையோ, பிள்ளையின்ரை நன்மைக்கே வராமல் இருந்திட்டானே என்றா.

பியற்றிஸ் போனைப் புருஷனிடம் நீட்டினாள். ஹாகொப் கேட்டு முடித்து, தோர்ண்டன் ஹீத்துக்கு எடுத்தான். பெரியம்மா சொன்னதை மாமாவுக்குச் சொன்னான்.

"அந்தக் கோயில் ஹோல் சனிக்கிழமை சும்மா கிடக்கோ, மருமோன்?"

சும்மாதான் மாமா என்றான் ஹாகொப். கோட்டைப் போட்டுக்கொண்டு வாங்கோ, வரும்போது ரோல்ஸ் தட்டைப் பார்த்துக்கொண்டு வரவேணும் என்றும் சொன்னான். அஜித்தா அதற்குள் வெள்ளைச் சட்டையை எடுத்துவிட்டாள்.